உடற்தகைமையை அளப்பது எப்படி? திருகோணமலை மைதானங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

வெயில் ஏறுவதற்கு முன்பே பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயில் ஏற்றத்தில் நடப்பவர்களைத் திருகோணமலையில் எந்நாளும் காணலாம். இப்போது அவர்களில் பலருடைய மணிக்கட்டில் நாடித்துடிப்பைக் காட்டும் கடிகாரம் இருக்கிறது. நடந்த அடிகள், எரித்த கலோரி ஆகியவற்றோடு, உடல் எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்த முடியும் என்பதைக் குறிக்கும் ‘விஓ2 மெக்ஸ்’ என்று ஓர் எண்ணையும் அது காட்டுகிறது. ஒருவருக்கு 36, பக்கத்தில் நடப்பவருக்கு 41. உடனே இவரைவிட அவர் தகைமை கூடியவர் என்ற முடிவும் வந்துவிடுகிறது. அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம், முற்றிலும் பிழையாகவும் இருக்கலாம். எதை அளந்தார்கள், எந்த நிலைமையில் அளந்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்பது தெரிந்தால்தான் உடற்தகைமை பற்றிய எந்த எண்ணுக்கும் பொருள் உண்டு.

சாதாரண தரத்துக்குச் ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ படித்தவர்களுக்கு, உடற்தகைமை பல கூறுகளைக் கொண்டது என்பது நினைவிருக்கும். இதய சுவாசத் தாங்குதிறன், தசை வலிமை, தசைத் தாங்குதிறன், நெகிழ்வுத்தன்மை, உடலமைப்பு ஆகியவை சுகாதாரம் சார்ந்த கூறுகள். வேகம், வலு, சமநிலை, எதிர்வினை நேரம் போன்றவை விளையாட்டுத் திறன் சார்ந்தவை. பரீட்சையில் இதை வரிசைப்படுத்தி எழுதிவிட்டு, மைதானத்துக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம். மரதன் ஓட்டத்தில் முதலாவதாக வந்த பிள்ளையே பாடசாலையில் உடற்தகைமை மிகுந்த பிள்ளை என்று பேசுகிறோம். அவருக்குத் தாங்குதிறன் மிகுதி என்பது உண்மை. ஆனால் கம்பியில் தொங்கித் தன் உடலை ஒரு தடவைகூட மேலே இழுக்க முடியாதவராகவும் அவர் இருக்கலாம்.

அளவீடு வேறு, மதிப்பீடு வேறு. 14 வயது மாணவி ஒருவர் 12 நிமிடத்தில் 2,000 மீற்றர் ஓடினார் என்பது அளவீடு. அது அவருக்குப் போதுமானதா, இனி எந்தப் பயிற்சி வேண்டும் என்று தீர்மானிப்பது மதிப்பீடு. இந்த இரண்டாவது வேலைக்கு ஓர் அளவுகோல் தேவை. அதே வயதுப் பிள்ளைகளின் பெறுபேறுகளோடு அவரை ஒப்பிடலாம். அல்லது ஆரோக்கியத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று ஒரு நிலையை முன்கூட்டியே வகுத்து, அதை எட்டினாரா என்று பார்க்கலாம். முதல் வழியில், எல்லோருமே பலவீனமாக இருக்கும் வகுப்பிலும் ஒருவர் முதலிடம் பெற்றுவிடுவார். இரண்டாவது வழியில் வகுப்பு முழுவதும் தேறலாம், முழுவதும் தவறவும் கூடும். அமெரிக்காவின் கூப்பர் நிறுவனம் 1982இல் தொடங்கிய ‘ஃபிட்னஸ்கிராம்’ திட்டம் இந்த இரண்டாவது வழியைப் பின்பற்றுகிறது. பாடசாலைக்குப் பொருத்தமானது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அளவுகோலில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதற்கு 1950களின் அமெரிக்க அனுபவம் நல்ல சான்று. கிரவுஸ், வெபர் என்ற இருவரின் பெயரால் வழங்கும் 6 எளிய சோதனைகளை அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் வைத்து, 1954இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பிள்ளைகளில் 57.9 சதவீதத்தினர் தவறியிருந்தார்கள்; ஐரோப்பியப் பிள்ளைகளில் தவறியவர்கள் 8.7 சதவீதம். நாடே அதிர்ந்தது. ஜனாதிபதி ஐசன்ஹோவர் 1956இல் இளையோர் உடற்தகைமைக்கென ஒரு பேரவையை அமைத்தார். ஆனால் அந்தச் சோதனையின் விதியைக் கவனிக்க வேண்டும். 6இல் ஒன்றில் தவறினாலும் மொத்தத்தில் தோல்வி. அளக்கப்பட்டவை வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகளின் குறைந்தபட்ச வலிமையும், முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொடும் நெகிழ்வும்தான். இதயத்தையும் நுரையீரலையும் யாரும் சோதிக்கவில்லை. இருந்தும் ஒரு தலைமுறையின் உடல்நலம் முழுவதைப் பற்றிய தீர்ப்பாக அந்தச் சதவீதம் வாசிக்கப்பட்டது.

கடிகாரம் காட்டும் எண்ணுக்கு வருவோம். பிரித்தானிய உடற்றொழிலியலாளர் ஏ.வி. ஹில்லும் அவரது சகா ஹார்ட்லி லப்டனும் 1923இல் ஓர் அடிப்படை உண்மையை எடுத்துக்காட்டினார்கள். ஓட்டத்தின் வேகம் கூடக் கூட உடல் எடுத்துக்கொள்ளும் ஒட்சிசனும் கூடுகிறது. ஓர் எல்லைக்குப் பிறகு வேகத்தைக் கூட்டினாலும் ஒட்சிசன் கூடுவதில்லை. அந்த எல்லைதான் உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பு, அதாவது ‘விஓ2 மெக்ஸ்’. ஒரு கிலோகிராம் உடல் நிறைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று அதைக் கணக்கிடுவார்கள். நுரையீரல் உள்ளிழுக்கும் காற்று, இதயம் தள்ளும் குருதி, அந்த ஒட்சிசனைப் பயன்படுத்தும் தசைகளின் திறன் எல்லாம் ஒரே எண்ணில் வந்து சேர்வதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. ஆனால் அதை நேரடியாக அளப்பதற்கு, முகமூடி அணிவித்து ஓடுபொறியில் களைக்கும் வரை ஓடவிட்டு, வெளிவிடும் மூச்சைப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். மணிக்கட்டுக் கடிகாரத்தால் இதைச் செய்ய முடியாது. இந்த வேகத்துக்கு இவ்வளவு துடிப்பு என்ற தொடர்பை வைத்து அது ஓர் ஊகத்தைத்தான் தருகிறது. மலை ஏற்றமும் வெயிலும் துடிப்பைக் கூட்டினால் ஊகமும் ஆட்டங்காணும்.

ஆய்வுகூடம் இல்லாத இடங்களுக்காகவே களச் சோதனைகள் உருவாயின. அமெரிக்க விமானப்படை வைத்தியராக இருந்த கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டம் அவற்றில் புகழ்பெற்றது. ஓடிய தூரத்தின் மீற்றர் கணக்கிலிருந்து 504.9ஐக் கழித்து, 44.73ஆல் வகுத்தால் உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பின் மதிப்பு கிடைக்கும். 2,400 மீற்றர் ஓடியவருக்கு ஏறத்தாழ 42, 1,600 மீற்றர் ஓடியவருக்கு 24. கணக்கு எளிது. ஆனால் அந்தச் சமன்பாடு விமானப்படை ஆண்களிடம் பெற்ற தரவுகளில் பிறந்தது. மூதூரில் 9ஆம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவிக்கு அதை அப்படியே பொருத்தினால், தசமதானம் வரை விடை வரும். அந்தத் தசமங்களுக்குப் பெறுமதி இராது. தவிர, 12 நிமிடத்துக்கு வேகத்தைப் பங்கிட்டு ஓடுவது பழகிப் பெறும் கலை. பழகாத பிள்ளை முதல் சுற்றிலேயே முழு வேகத்தில் பாய்ந்து, மூன்றாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நடக்கும்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் கனடாவின் மொன்றியல் நகர ஆய்வாளர் லூக் லெஜே. 1982இல் அவர் சகாவுடன் அறிமுகப்படுத்திய சோதனையில் 20 மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போதும். ஒலிச் சமிக்ஞைக்கு ஏற்ப ஒரு கோட்டிலிருந்து மற்றதற்கு ஓடித் திரும்ப வேண்டும். பின்னர் பரவலான வடிவத்தில், மணிக்கு 8.5 கிலோ மீற்றர் வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு நிமிடம் 0.5 கிலோ மீற்றர் கூடும். வேகத்தை ஒலிநாடா தீர்மானிப்பதால் ஓடுபவருக்கு அந்தக் கவலை இல்லை. கிரிக்கெட்டில் பேசப்படும் யோ-யோ சோதனை இதிலிருந்து கிளைத்தது. இடையிடையே 10 செக்கன் ஓய்வு தருவது அதன் சிறப்பு. இலங்கைக் கிரிக்கெட் நிர்வாகம் 2021இல் வீரர்களுக்கு 2 கிலோ மீற்றரை 8 நிமிடம் 35 செக்கனுக்குள் ஓட வேண்டும் என்று எல்லை வகுத்தபோது நாட்டில் பெரிய விவாதம் எழுந்தது. மணிக்கு ஏறத்தாழ 14 கிலோ மீற்றர் வேகம் அது. தொழில்முறை வீரரிடம் தாங்குதிறனை எதிர்பார்ப்பது நியாயம். அதை வைத்து ஒருவரின் பந்துவீச்சையோ துடுப்பாட்டத்தையோ அளந்துவிட்டதாக எண்ணுவது நியாயமில்லை.

இந்தச் சோதனைகள் எல்லாம் நம்முடையதைவிடக் குளிர்ந்த நாடுகளில் உருவானவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அவற்றைத் திருகோணமலையின் திறந்த மைதானம் ஒன்றில் நடத்திப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஒலிபெருக்கியை ஒரு முனையில் வைத்தால், மறுமுனைக் கோட்டில் நிற்பவருக்குச் சமிக்ஞை கேட்பதில்லை. காற்று அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. பிள்ளைகள் காதை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஓடுபவரின் காலைப் பார்த்துத் திரும்பத் தொடங்குகிறார்கள். பிளாஸ்ரிக் கூம்புகள் உருண்டோடுகின்றன. போகும்போது காற்று முதுகில் தள்ளுகிறது, வரும்போது நெஞ்சில் மோதுகிறது. ஒலிபெருக்கியைக் கோடுகளுக்கு நடுவே பக்கவாட்டில் வைத்து, கூம்புகளுக்குள் மணலைப் போட்டு, காற்றுக்குக் குறுக்காகக் கோடுகளை வரைந்தால் பாதிச் சிக்கல் தீரும். 20 மீற்றரைக் கால் அடியால் அளக்காமல் நாடாவால் அளக்க வேண்டும். ஒரு மீற்றர் குறைந்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் 5 சதவீதம் சலுகை கிடைத்துவிடும்.

வெப்பம் இன்னும் பெரிய விடயம். வெயிலில் ஓடும்போது உடலைக் குளிர்விப்பதற்காகக் குருதியின் ஒரு பங்கு தோலை நோக்கித் திரும்புகிறது. வியர்வையால் குருதியின் நீர்ப்பகுதியும் குறைகிறது. அதே வேகத்தைக் காப்பாற்ற இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒரே பிள்ளை, ஒரே தகைமையோடு, பெப்ரவரி மாதக் காலை 6.30க்கு ஒரு பெறுபேற்றையும் ஜூன் மாத முற்பகல் 10.30க்கு வேறொன்றையும் தரும். இதைக் கவனிக்காமல் ‘இரண்டாம் தவணையில் தகைமை குறைந்துவிட்டது’ என்று அறிக்கை எழுதுபவர், பிள்ளையின் தலையில் பருவகாலத்தின் பழியைப் போடுகிறார். புதிய வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கே 10 முதல் 14 நாட்கள் வரை ஆகும். நிலமும் அப்படித்தான். மணலில் ஓடும்போது கெட்டியான தரையில் ஓடுவதைப்போல ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தியும், நடக்கும்போது 2.1 முதல் 2.7 மடங்கு வரை சக்தியும் செலவாகும் என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உப்புவெளிக் கடற்கரையில் காலை நடை போகிறவரின் வேகத்தை உட்துறைமுக வீதியில் நடப்பவரின் வேகத்தோடு ஒப்பிடுவது வீண்.

மழையோ வெயிலோ தொந்தரவு செய்யாத மண்டபத்துக்குள் நடத்தக்கூடியது படி ஏறி இறங்கும் சோதனை. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உருவாகி 1943இல் வெளியான இச்சோதனையில், 20 அங்குல உயரப் பலகையில் நிமிடத்துக்கு 30 தடவை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பிறகு அமர்ந்து, 1, 2, 3 நிமிடங்கள் முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் 30 செக்கனுக்கு நாடியை எண்ண வேண்டும். ஏறி இறங்கிய செக்கன்களை 100ஆல் பெருக்கி, மூன்று எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையின் இரு மடங்கால் வகுத்தால் சுட்டி கிடைக்கும். 300 செக்கன் தாக்குப்பிடித்தவரின் எண்ணிக்கைகள் 80, 65, 55 என்றால் சுட்டி 75. 90க்கு மேல் மிகச் சிறப்பு, 55க்குக் கீழ் பலவீனம். எவ்வளவு விரைவாக இதயம் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதே இதன் அடிப்படை.

இந்தச் சோதனை தவறுவது பெரும்பாலும் விரல் நுனியில்தான். மூச்சு வாங்க அமர்ந்திருக்கும் மாணவியின் மணிக்கட்டில், பெருவிரலின் அடிப்பகுதிக்குச் சற்றுக் கீழே, சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெதுவாக வைக்க வேண்டும். அழுத்தினால் நாடி மறைந்துவிடும். பெருவிரலால் பிடித்தால், எண்ணுபவர் தன் சொந்தத் துடிப்பையே எண்ணிவிடக்கூடும். 15 செக்கன் எண்ணி 4ஆல் பெருக்கும் பழக்கம் உள்ளவர் ஒரு துடிப்பைத் தவறவிட்டால், நிமிடக் கணக்கில் 4 துடிப்புகள் பிழைக்கும். ஒரே மாணவியை இருவர் ஒரே நேரத்தில் இரண்டு கைகளிலும் எண்ணி, இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். பலகையின் உயரமும் ஒரு பிரச்சினை. 20 அங்குலம் என்பது 51 சென்ரிமீற்றர். உயரம் குறைந்த பல மாணவிகளுக்கு அது முழங்காலுக்கு மேலே போகும். அவர்களுக்கு அது தாங்குதிறன் சோதனையாக இராமல் தொடைவலிமைச் சோதனையாக மாறிவிடும். 41.3 சென்ரிமீற்றர் உயரமும் 3 நிமிடமும் கொண்ட குயின்ஸ் கல்லூரிச் சோதனை அவர்களுக்கு ஏற்றது. அதில் பெண்கள் நிமிடத்துக்கு 22 தடவை ஏறினால் போதும்.

வலிமைக்கு வருவோம். நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழுப்பவர் கயிற்றைப் பிடித்து, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலை மணலில் ஊன்றி ஊன்றிப் பின்னோக்கி நடக்கிறார். மேட்டுக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு, நீரின் விளிம்புக்குப் போய் மறுபடி பிடிக்கிறார். மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வரும் வரை இது நீள்கிறது. காய்த்துப்போன அந்தக் கையில், பிடியின் வலிமையை அளக்கும் பிடிவலுமானியைக் கொடுத்தால் முள் உயரவே செய்யும். அதே மனிதரை 12 நிமிடம் ஓடச் சொன்னால் பெறுபேறு சுமாராக இருக்கலாம். தொழில் எதைக் கேட்கிறதோ அதையே உடல் வளர்த்துக்கொள்கிறது. அவரைத் தகைமை குறைந்தவர் என்று சொல்லும் சோதனை, அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தாத சோதனை.

பிடிவலுவைச் சிறு விடயமாக எண்ண வேண்டாம். 17 நாடுகளில் ஏறத்தாழ 140,000 பேரைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ‘பியூர்’ ஆய்வில், பிடிவலு 5 கிலோகிராம் குறையும்போது எல்லாக் காரணங்களாலுமான இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. இறப்பை முன்னறிவதில் குருதி அழுத்தத்தின் மேல் அளவைவிட அது வல்லதாகவும் இருந்தது. கையை இறுக்கிப் பழகினால் ஆயுள் கூடும் என்பது இதன் பொருளல்ல. உடல் முழுவதிலும் தசை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கை காட்டிக்கொடுக்கிறது.

நெகிழ்வுத்தன்மைக்கு, கால்களை நீட்டி அமர்ந்து பெட்டியின் மேல் கையை எட்டும் சோதனை போதும். மரப்பெட்டி ஒன்றும் அளவுகோலும் இருந்தால் நடத்தலாம். விரைவாக வளரும் வயதில் கால்கள் முந்தி நீள்வதால் பெறுபேறு சற்றுப் பின்னடைவது இயல்பு என்பதை மட்டும் நினைவில் வைத்தால் சரி.

உடலமைப்பை அளப்பதில் இன்னும் கவனம் தேவை. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் உடற்திணிவுச் சுட்டி கொழுப்பையும் தசையையும் பிரித்தறியாது. இந்திய மருத்துவர் யாக்னிக், பிரித்தானிய மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரின் ஒப்பீடு 2004இல் வெளியானது. இருவருக்கும் சுட்டி 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். தெற்காசியர்களான நமக்கு ஒரே சுட்டியில் கொழுப்பு கூடுதலாக இருக்கும் போக்கு உண்டு. அதே 2004இல் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கைப் புள்ளிகளாகக் கொள்ளலாம் என்றது. இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எல்லை. ஆனால் வகுப்பு முழுவதும் பார்க்க, ஒரு பிள்ளையைத் தராசில் ஏற்றி நிறையை உரக்க வாசிப்பதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. அந்த ஒரு காலைப்பொழுதுக்குப் பிறகு விளையாட்டுச் சப்பாத்தைத் தொடாத பிள்ளைகள் உண்டு. தனி இடத்தில், ஒரே பாலினத்தவர் அளந்து, எண்ணைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளைத் தரவரிசைப்படுத்துவதை நான் எதிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே வகுப்பில் 13 வயதான இருவரில் ஒருவர் பூப்புப் பருவத்தைக் கடந்திருப்பார், மற்றவர் இன்னும் தொட்டிருக்க மாட்டார். உடலளவில் அவர்களுக்கிடையே சில வருட இடைவெளி இருக்கும். பிறந்த திகதியை வைத்து இருவரையும் ஒரே அட்டவணையில் போட்டால், நாம் அளப்பது பயிற்சியையா வளர்ச்சியையா என்று தெரியாது. அதேபோல நோன்பு காலத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் களச் சோதனை வைப்பதைத் தவிர்த்து நாளை மாற்றிக்கொள்வதே முறை. நீரருந்தாத உடலின் துடிப்பு எதனோடும் ஒப்பிடத்தக்கதல்ல, ஆபத்தும்கூட.

ஆபத்து என்பது வெறும் பேச்சல்ல. 2024இல் கிழக்கு மாகாணத்திலேயே பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்கேற்ற மாணவர் ஒருவர் உயிரிழந்தார். களைக்கும் வரை ஓடவிடும் எந்தச் சோதனைக்கும் முன்பு சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். நெஞ்சுவலி வந்ததுண்டா, மயங்கி விழுந்ததுண்டா, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் உண்டா, மருந்து எடுக்கிறாரா, இந்தக் கிழமை காய்ச்சல் இருந்ததா. ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் வைத்தியரின் சம்மதம் வரும் வரை ஓட்டம் இல்லை. நிழலும் தண்ணீரும் முதலுதவி தெரிந்த ஒருவரும் இல்லாத இடத்தில் நிறுத்தற் கடிகாரத்தை எடுக்கவே கூடாது.

முதியவர்களுக்கு வேறு அளவுகள். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, 43 சென்ரிமீற்றர் உயரக் கதிரையிலிருந்து 30 செக்கனில் எத்தனை தடவை எழுகிறார் என்று எண்ணலாம். 65 முதல் 69 வயது வரையான ஆண் 12 தடவைக்கும் பெண் 11 தடவைக்கும் குறைவாக எழுந்தால் கால்வலிமையைக் கவனிக்க வேண்டும். அந்த எண்கள் அமெரிக்க முதியவர்களிடம் பெற்றவை. நம் வீட்டிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் தரையில் அமர்ந்து எழுபவர்களுக்கு, பிரேசிலில் 2012இல் வெளியான சோதனை இன்னும் இயல்பாகப் பொருந்துகிறது. தரையில் அமர்வதற்கு 5, எழுவதற்கு 5 புள்ளிகள். கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி குறையும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்பதைத் தவிர எந்தக் கருவியும் தேவையில்லை.

6 நிமிட நடையும் அப்படி எளிது. வைத்தியசாலைகளில் 30 மீற்றர் நடைபாதையில் போய்த் திரும்பி நடக்க வைப்பார்கள். ஆரோக்கியமான பெரியவர்கள் பொதுவாக 400 முதல் 700 மீற்றர் வரை நடப்பார்கள். கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். காற்று அடங்கிய ஒரு காலையில் அதை 6 நிமிடத்துக்குள் கடக்க முடியாமல் நின்று மூச்சு வாங்கும் பெரியவரை, நடைப்பயிற்சியைக் கூட்டச் சொல்வதற்கு முன்பு வைத்தியரிடம் அழைத்துப் போங்கள்.

எந்தச் சோதனையைத் தெரிந்தாலும் பதிவேட்டில் பெறுபேற்றோடு சேர்த்து எழுத வேண்டியவை சில உண்டு: திகதி, நேரம், வெப்பநிலை, காற்று, தரை, அளந்தவரின் பெயர், முந்திய இரவின் தூக்கம், கடைசியாக உண்டது எப்போது. 8 முதல் 12 கிழமைப் பயிற்சிக்குப் பிறகு அதே நேரத்தில், அதே இடத்தில், அதே ஆளே மறுபடி அளக்க வேண்டும். அப்போது அந்தப் பிள்ளையின் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது என்று பிள்ளையோடேயே அமர்ந்து பேச முடியும்.